கடைக் காவல்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து றமீஸாவுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் யாகூப்பிடம் எப்படிச் சொல்வது?

அவனுக்குப் பலாபத்வலையில் துணிக்கடை. எண்பத்தொன்பதாம் வருடக் கலவரத்தில் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. திடீர் திடீரென்று தலையணையைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் காவல் போய்விடுவான்.

அவன் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஹெர்பிஸாம். மறைவான இடத்துல கொப்புளம். அல்லா மேல சத்தியமா நான் ஒரு தப்பும் செய்யலங்க. தலாக் சொல்லிடாதீங்க."

அவன் கை சோற்றிலேயே நின்றது.

"யார்கிட்டருந்து வந்ததுன்னு டெஸ்ட்டுல தெரியுமா?"

"தெரியாதாம். எப்ப வந்ததுன்னும் சொல்ல ஏலாதாம்."

பெருமூச்சு விட்டான்.

"அழாத புள்ள, ஒன்ன நான் சந்தேகப்படல. கொப்புளம் வர முந்தி அந்த இடம் சுர்ருன்னு இழுக்கும். அப்ப தள்ளிப் படுத்தாப் போதும், மத்தவங்களுக்கு ஒட்டாது."

"போதாதாம். ஒண்ணுமே இல்லாத நாள்லயும் ஒட்டுமாம்னு டாக்டர்..."

றமீஸா பாதியில் நிறுத்தினாள். சுர்ரென்று இழுப்பதைப் பற்றி அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"நீங்க கடைக்குக் காவல் போன நாளெல்லாம் சுர்ருன்னு இழுத்திச்சாங்க?"