மூக்கு நீண்ட விமானம்

"நேத்துதானே வந்து எல்லாத்தையும் பார்த்துட்டுப் போனீங்க? மறுபடியும் என்ன சார்?"

வாசலில் நின்ற ஏட்டு சித்தையனைப் பார்த்துக் கேட்டாள் சொர்ணலதா. நேற்று காக்கி உடுப்பில் வந்து, அவளுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தைச் சரிபார்த்து, காபி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போன மனிதர். இன்று கட்டம் போட்ட சட்டை, கையில் ஒரு துணிப்பை, முகத்தில் சிரிப்பைக் காணோம். மஃப்டியில் வருகிற போலீஸை எந்தக் காலத்தில் யார் நம்பினார்கள்?

"சார் இருக்காருங்களா? அவருகிட்ட கொஞ்சம் கேக்கோணும்" என்றார். அவருக்குத் தமிழ்நாட்டு எல்லையோரம் கொள்ளேகால் பக்கம், தமிழ் அப்படித்தான் வரும். கேட்கும்போதே அவர் பார்வை பக்கத்து அறைக்குள் போய்விட்டது. நேற்றும் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி அதே அறையை வெறித்துப் பார்த்தாரே!

அந்த அறைதான் சொர்ணலதாவின் தலைவலி. மைசூர் அசோகபுரம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் உதயகுமார், ஆறு மாதமாக அங்கே ஒரு பிளாஸ்டிக் விமானத்தோடு குடித்தனம் நடத்துகிறார். பெட்டியில் வந்த துண்டுகளை ஒட்டினால் வேலை முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அதைத் தயாரித்த புண்ணியவான் ஒரு துண்டையும் சரியான அளவில் செய்யவில்லையாம். அதனால் அறுக்கிறார், தேய்க்கிறார், மறுபடி ஒட்டுகிறார். தெருவெல்லாம் பெயிண்ட் தின்னர் வாடை. "அங்கிள் உள்ள ஏதாவது கெமிக்கல் பண்றாரா ஆன்ட்டி?" என்று பக்கத்து வீட்டு ரூபா போன வாரம் கேட்டாள். அவள்தான் போட்டுக் கொடுத்திருப்பாள்.

இன்னும் இரண்டு மாதத்தில் ஜெர்மனியில் மகள் அனுப்ரியாவுக்குத் தலைப்பிரசவம். போலீஸ் ஒரு வரி கோணலாக எழுதினால் பாஸ்போர்ட்டும் போச்சு, பயணமும் போச்சு.

சித்தையன், உதயகுமார் உட்கார்ந்திருந்த அறைக்குள் போய் மேஜை விளக்கைத் தானே போட்டார். நோட்டை எடுத்தார்.

"இது என்ன விமானமுங்க?"

"பழைய பயிற்சி விமானம் சார். ஏர்ஃபோர்ஸ்ல இருந்தது" என்றார் உதயகுமார்.

ஏர்ஃபோர்ஸை ஏன் இழுக்க வேண்டும்? சொர்ணலதா பல்லைக் கடித்தாள்.

"சுவத்துல இருக்கிற போட்டோவெல்லாம் ஆரு எடுத்தது?"

"நான்தான் சார். நிஜ விமானம் பெங்களூர் மியூசியத்துல நிக்குது. முன்னாடி, பின்னாடி, அடியில படுத்துக்கூட எடுத்தேன். அளவு வேணுமே!"

ஏட்டு எழுதிக்கொண்டார்.

"மூக்கை எதுக்கு அறுத்தீங்க?"

"பெட்டியில வந்தது குட்டை மூக்கு சார். நாலு மில்லிமீட்டர் குறையுது. அறுத்து நடுவுல ஒரு துண்டு வெச்சேன்."

"என்ன துண்டு?"

"பழைய ஏடிஎம் கார்டு."

ஏட்டு குனிந்தார். வர்ணம் பூசாத விமானத்தின் மூக்கில் இரண்டு எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

"ஆரோட கார்டு?"

"என்னோடதுதான் சார்! காலாவதி ஆயிடுச்சு!" உதயகுமாருக்கு வியர்த்துவிட்டது.

எதில் ஒட்டினீர்கள், எத்தனை நேரம் காய வைத்தீர்கள், இறக்கையில் எவ்வளவு வெட்டினீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொரு பதிலும் நோட்டில் ஏறியது.

"கூட்டாளிங்க ஆராச்சும் உண்டுங்களா?"

"யாரும் இல்ல சார். தனியாத்தான்."

"மைசூர்ல வேற ஆருமே பண்றதில்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அதற்கு மேல் சொர்ணலதாவால் தாங்க முடியவில்லை. "சார், தப்பு ஏதாவது இருந்தா அது இவரோடது. என் பாஸ்போர்ட்டை நிறுத்திடாதீங்க. என் பொண்ணு அங்க தனியா இருக்கா. இந்தச் சனியனை வேணும்னா இப்பவே உடைச்சுப் போட்டுடறேன்!" என்று விமானத்தை நோக்கிக் கையை ஓங்கியேவிட்டாள்.

"தொடாதீங்க!"

ஏட்டு போட்ட சத்தத்தில் அவள் கை அப்படியே நின்றது. சாட்சிப் பொருள் ஆகிவிட்டது போலிருக்கிறது!

சித்தையன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். துணிப்பைக்குள் கையை விட்டார். விலங்குதான் என்று முடிவு கட்டிய சொர்ணலதா, கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு திட்டினாலும் முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர் அல்லவா?

பைக்குள்ளிருந்து ஓர் அட்டைப் பெட்டி வந்தது. மூடியில் அதே விமானத்தின் படம். உள்ளே, இறக்கை தொங்கிப்போன ஒரு குட்டை மூக்கு விமானம்.

"அம்மாவோட பேப்பரை நேத்துச் சாயங்காலமே ஓகே பண்ணி அனுப்பிட்டனுங்க. இன்னைக்கு எனக்கு லீவு" என்றார் சித்தையன், தலையைச் சொறிந்தபடி. "இருவது வருசமா கேள்வி கேட்டுக் கேட்டு வாய் இப்பிடியே பழகிப்போச்சு, தப்பா நெனச்சுக்காதீங்க. ஸ்டேஷன்ல தெரிஞ்சா சிரிப்பாங்கன்னுதான் கதவைச் சாத்தினேன்."

பிறகு சட்டைப்பையிலிருந்து தன் ஏடிஎம் கார்டை எடுத்து உதயகுமாரிடம் நீட்டினார். "இது காலாவதியாக இன்னும் ரெண்டு வருசம் இருக்குதுங்க... வெட்டினா மூக்குல நல்லா ஒட்டுமுங்களா?"