விரல் பத்திரம்

துணை நூலகர் அவளுடைய வலது ஆள்காட்டி விரலிலிருந்த பிளாஸ்டரை நோகாமல் பிரித்தார். மூன்று நாளைக்கு முன்பு, புதுப் புத்தகப் பெட்டியை அறுக்கும்போது கத்தி வழுக்கிக் கிழித்த விரல்.

"ஆறிடுச்சு சார்" என்றாள் அவள்.

"அப்பாடா!" என்றார், கும்பிடாத குறையாக. "இனிமே பெட்டி கிட்டியெல்லாம் நீ தொடாதம்மா. வேற யாராவது பிரிக்கட்டும். விரல் பத்திரம்."

"பெத்த அப்பன்கூட இப்படிப் பாக்கமாட்டான்" என்று புத்தகம் வழங்கும் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவள் ஒப்பந்த நூலகர். அந்த வாரத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. தலைமை நூலகர் கூப்பிட்டனுப்பியபோது, துணை நூலகரும் கூடவே எழுந்து போனார்.

தலைமை நூலகர் சுற்றிவளைக்கிற பெண்மணி இல்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"வருஷம் பூரா கம்ப்யூட்டர்ல உங்க பேர்ல ஒரு புத்தகம்கூட பதிவாகல. சாரைப் பாருங்க, இந்த டிபார்ட்மென்ட்லயே அவர்தான் முதல். மத்தவங்க முதுகு ஒடிய வேலை செய்யும்போது உங்களுக்கு மட்டும் சும்மா சம்பளம் குடுத்தா நியாயமா?"

அவள் காய்த்துப்போன தன் கைகளைப் பார்த்தாள். பிறகு துணை நூலகரைப் பார்த்தாள். அவர் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

"பாவம் மேடம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "அவங்க வேலையையும் சேர்த்து நானே பாத்துக்கறேன்."

"உங்களுக்கே முடியலையே சார். முந்தாநாளும் நேத்தும் உங்க பேர்லயும் ஒண்ணும் இல்லையே?"

"முதுகுவலி மேடம்."

தலைமை நூலகர் தலையாட்டிவிட்டு அவளிடம் திரும்பினார். "உங்க விரல் இன்னும் பதிவே ஆகலன்னு காட்டுது. பதிவாகாம எப்படி கம்ப்யூட்டருக்குள்ள போவீங்க?"

போன வருடம் வரை அந்த நூலகத்தில் எல்லோருடைய பாஸ்வேர்டும் கீபோர்டுக்கு அடியில் சீட்டாக ஒட்டிக்கிடந்தது. அதையெல்லாம் கிழித்துப் போடவைத்து, ஆளுக்கொரு விரலை இயந்திரத்தில் பதியவைத்தவர் துணை நூலகர்தான். 'உங்கள் கணக்கு உங்கள் கையில்' என்று அவர் எழுதி ஒட்டிய தாள் இன்னும் சுவரில் இருந்தது.

அவள் சுவரிலிருந்த அந்தத் தாளைப் பார்த்தாள்.

"மறந்திருப்பாங்க மேடம்" என்றார் அவர்.

"சரி, இப்பவே பதிஞ்சிடலாம். இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். அப்பவும் பேர்ல ஒண்ணும் ஏறலன்னா என்னைக் குறை சொல்லக்கூடாது."

கணினிப் பிரிவு இளைஞன் இயந்திரத்தோடு வந்தான். அதை மேசைமேல் வைத்து, "விரலை வைங்கக்கா" என்றான்.

"இடது கையை வைம்மா!" துணை நூலகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "வலது கையிலதான் காயமாச்சே."

"ஆறிடுச்சுன்னு இப்பத்தானே சார் நீங்களே பிரிச்சுப் பாத்தீங்க?" என்றாள்.

அவள் வலது ஆள்காட்டி விரலை வைத்தாள்.

இயந்திரம் சிவப்பாக மின்னி ஒருமுறை கத்தியது. இளைஞன் இயந்திரத்தின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னான். மறுபடியும் கத்தியது. அவன் திரையில் வந்ததைப் படித்தான். துணை நூலகரைப் பார்த்தான். அவளுடைய விரலைப் பார்த்தான்.

"என்னப்பா, ஏறலையா?" என்றார் தலைமை நூலகர்.

"ஏறாது மேடம், ஏற்கெனவே ஏறியிருக்கு. இது சாரோட விரல்."