அக்கரைக் கோச்

"கோச், நான் வேற காலேஜுக்கு மாறப் போறேன்" என்றாள் மாரின்.

வெர்னனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அயோவா மாநிலம் முழுக்கத் தேடினாலும் அவளைப் போல் கூடைப்பந்து ஆட இன்னொரு பெண் கிடைக்கமாட்டாள்.

"எந்தக் காலேஜ்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கே, அதுதான்."

"போயும் போயும் அங்கயா? முன்னெல்லாம் காலேஜ் மாறினா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும். இப்ப விதியை மாத்தித் தொலைச்சுட்டாங்க. ஆளாளுக்குப் பறக்குறீங்க."

மாரின் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவருக்குச் சந்தேகம் தட்டியது. மாறப்போவதாகப் பெயர் பதியும் முன்பே அடுத்த அணியின் கோச் ஆசை காட்டிப் பேசினால் குற்றம். மாட்டினால் அந்த அணிக்குத் தண்டனை உண்டு.

"உண்மையைச் சொல்லு. நீ பேர் பதியறதுக்கு முன்னாடியே அந்த கோச் உங்கிட்ட பேசினாங்களா?"

"தினமும் பேசுவாங்க."

வெர்னன் உற்சாகமாகப் போனை எடுத்தார். "மாட்டினாங்க. இப்பவே புகார் குடுக்கறேன். என்ன பேசினாங்க, ஒண்ணு விடாம சொல்லு."

"'எந்திரிடி, பான்கேக் ஆறுது, உங்கப்பாவையும் எழுப்பு'ன்னு பேசினாங்க. இனிமே அப்படிப் பேசக் கூடாதுன்னா, அதை நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா."