வீட்டுப் பெட்டி, வெளிப் பெட்டி

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் என் தம்பி, தோள்பையைக் கீழே இறக்காமல் நின்ற அவன் மகள், தம்பியோடு வேலை பார்த்த நண்பர், நான்.

வேறு யாரும் இல்லை. இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள்.

தம்பிக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. காது நன்றாகக் கேட்கும்.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போனவள். போகும்போது அப்பனும் மகளும் ஒன்று பேசி வைத்தார்கள். போனில் என்றால் வார்த்தை தடிக்கும், எழுதிக்கொள்வோம்.

எழுதினாள். பதில் வரவில்லை. வருடங்கள் போனபின் நிறுத்தினாள்.

"நான் எழுதினதுல ஒண்ணாவது படிச்சீங்களாப்பா?"

எங்கள் வீட்டில் படுக்கையில் கிடப்பவரைக் குறுக்கு விசாரணை செய்வது வழக்கமில்லை. அதட்டியிருப்பேன். ஆனால் அவள் கை பையின் வாரிலேயே இருந்தது. இன்னொரு சொல் விழுந்தால் வந்த வழியே போய்விடுவாள்.

தம்பியின் கண்கள் மூலையில் இருந்த கணினிப் பக்கம் போயின. அங்கேயே நின்றன.

நண்பர் அதன் முன்னால் உட்கார்ந்தார்.

கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. தம்பி அஞ்சல் பார்ப்பது அதில்தான். இவ்வளவு படித்துவிட்டுக் கடைசியில் சிலேட்டுக்கே வந்துவிட்டானே என்று உறவுக்காரர்கள் கேலி செய்வதுண்டு.

எங்கள் எல்லாருடைய மின்னஞ்சல் முகவரியும் குடும்பப் பெயரில்தான் முடியும். தம்பி ஏற்படுத்தியது. முன்பெல்லாம் யாருக்கு அஞ்சல் வந்தாலும் அந்தக் கணினியிலேயே வந்து விழும். ஆளுக்கு ஒரு பெட்டி.

மகள் போவதற்குச் சற்று முன் தம்பி கண் அறுவைக்குப் படுத்திருந்தபோது, பழைய கணினியை நம்ப வேண்டாமென்று நண்பர் எல்லாப் பெட்டிகளையும் வெளியே ஒரு நிறுவனத்தின் கணினிக்கு மாற்றினார். வீட்டுக் கணினியில் செய்ய வேண்டிய மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தவர், அப்படியே மறந்துவிட்டார்.

அஞ்சல் எங்கே போக வேண்டுமென்று கணினிக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பைத் திறந்தவர் ஒரு வரியில் விரலை வைத்தபடி அசையாமல் இருந்தார். பிறகு அதன் கீழே, வெளிப் பெட்டிகளையும் காட்டச் சொல்லிச் சில வரிகள் சேர்த்தார்.

திரையின் இடது ஓரத்தில் பெட்டிகள் வரிசையாக வந்தன. மேலே வீட்டுப் பெட்டிகள், கீழே வெளிப் பெட்டிகள்.

வெளியே, தம்பி பெயரில் இருந்த பெட்டி நிறைய மகளின் அஞ்சல்கள். ஒன்றும் திறக்கப்படவில்லை.

வீட்டில், மகள் பெயரில் இருந்த பெட்டி நிறைய தம்பியின் அஞ்சல்கள். அவையும் திறக்கப்படவில்லை.

நண்பர் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். எங்கள் குடும்பப் பெயருள்ளவர்கள் எல்லாரும் இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று அந்த ஒரு வரி சொல்கிறதாம். அதனால் மகளுக்கு எழுதியது எதுவும் வாசல் தாண்டவில்லை. தம்பியின் சொந்தப் பெட்டியில் கணினி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் அறிக்கை மட்டும் தினமும் வந்து விழுந்தது. அதைப் பார்த்துப் பெட்டி சரியாக இருக்கிறதென்று அவன் நம்பியிருக்கிறான். மகள்தான் எழுதவில்லை என்றும் நம்பியிருக்கிறான்.

நம்பிக்கொண்டே எழுதியிருக்கிறான். கடைசி அஞ்சல், அவன் விழுவதற்கு முந்தின நாள்.

மகள் பையை இறக்கி வைத்தாள்.

தவறான வரியை அழித்துவிடுகிறேன் என்று நண்பர் விசைப்பலகையில் கை வைத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இப்ப நான் இந்த வீட்டுலதான இருக்கேன். நான் போறவரைக்கும் அந்த வரி இருக்கட்டும் மாமா."

நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் நண்பரை அழைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அவள் பிறந்த வீட்டோடு வந்துவிட்டாள் என்று உறவில் ஒரு பேச்சு ஓடுகிறது.

தவறு. அப்பனுக்கு வாசித்துக் காட்டுகிறாள். அவள் எழுதியது ஒன்று, அவன் எழுதியது ஒன்று, தேதி வாரியாக. இன்னும் முடியவில்லை.