அரக்குப் பெட்டியின் மூடி

லண்டன் ஏலக்கடை ஒன்றில், வரும் பொருட்களுக்கு விவரச்சீட்டு எழுதுவது குலசேகரத்தின் வேலை. 1987இல், செதுக்கிய சீன அரக்குப் பெட்டி ஒன்று வந்தது. “மூடியில் மண்டபம். வாசலில் ஒரு பெண். கரையில் வெறும் படகு. சேதம் இல்லை” என்று எழுதினார். அன்று மாலை யாழ்ப்பாணத்திலிருந்த மனைவிக்கும் எழுதினார்: “அடுத்த வருஷம் கட்டாயம் உம்மை இங்க கூப்பிடுறன்.”

1990இல் பெட்டி மறுபடி விற்பனைக்கு வந்தது. மூடியில் இருந்த பெண் இப்போது கரையில், படகருகே நின்றாள். முன்பு தான்தான் பிழையாகப் பார்த்துவிட்டதாக நினைத்துச் சீட்டைத் திருத்தினார். மனைவிக்கு அந்த வருடமும் அதே வரிதான்.

1993இல் மைத்துனன் தொலைபேசியில் கேட்டான்: “அத்தான், வழி பாத்துப் பாத்து அலுத்துப்போய் அக்கா தானாவே உங்களிட்ட வர வெளிக்கிட்டிட்டா. நேவி சுடுற கிளாலிக் கடல்ல இரவு வள்ளம் ஏறி ஒரு மாசம். அங்க வந்திட்டாவோ?”

மறுநாள் பெட்டி மீண்டும் அவர் மேசையில் இருந்தது. மூடியில், செதுக்கிய அலைகளின் நடுவே வெறும் படகு மட்டும் நின்றது; பெண் எங்கும் இல்லை. குலசேகரம் சீட்டைத் திருத்தினார். “சேதம் இல்லை” என்பதை அப்படியே விட்டார்.