முப்பத்தெட்டு மடிப்பு

“நான் இருக்கேன், மேனேஜர் குருசாமி இருக்காக, எதுத்தாப்ல நீங்க இருக்கீக. இது போதும்ணே. ஷட்டரைப் பாதி இறக்குங்க, பேசுவோம்” என்றாள் பாண்டீஸ்வரி.

ஒச்சாண்டி இறக்கினான். பழனிசெட்டிபட்டியில் பதினாலு வருடமாக ஒர்க்‌ஷாப்பும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் நடத்துகிறவன். பாண்டீஸ்வரியின் டிராவல்ஸில் தேனிக்கும் குமுளிக்கும் பதினோரு வண்டிகள் ஓடுகின்றன, எல்லாமே எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்தவை. அத்தனைக்கும் இனிமேல் சர்வீஸ் யார் என்பதுதான் பேச்சு.

“போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்னு நாலு ஊரு மெக்கானிக்கையும் பாத்துட்டேன். எல்லாருக்கும் ஒரே பரீட்சைதான். நான் தேடுற ஆளு இன்னும் கிடைக்கல.”

“அவனுகளா? ஸ்பேனரைத் தலைகீழாப் பிடிக்கிறவனுக. நீ பரீட்சையச் சொல்லு தாயி.”

குருசாமி பையிலிருந்து மூன்று டிரெயின் பிளக்குகளை எடுத்து மேசையில் வைத்தார். பழைய ஆயிலை இறக்க எஞ்சினின் அடியில் கழற்றுகிற திருகு. நுனியில் காந்தம் வைத்த ரகம். உள்ளே எது தேய்ந்தாலும் இரும்புத் தூள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒச்சாண்டி முதலாவதைத் துடைத்துப் பார்த்தான். “இது நல்ல வண்டி. மாவு மாதிரி இருக்கு, வயசுக்கேத்த தேய்மானம்தான்.”

அடுத்ததை எடுத்தவுடன் சிரித்தான். “பழைய செம்பு வாஷரையே திரும்ப மாட்டியிருக்கான் கஞ்சப்பய. பத்து ரூவா வாஷர் ஆத்தா! இந்நேரம் ஆயில் சொட்டிக்கிட்டுக் கிடக்கும்.”

பாண்டீஸ்வரி கண்ணை அகல விரித்தாள். “நேர்ல பாத்த மாதிரி சொல்றீகளே!”

மூன்றாவதில் இரும்புச் சில்லுகள் தாடி மாதிரி நட்டுக்கொண்டு நின்றன. அவன் சிரிப்பை நிறுத்தினான். “இந்த வண்டி டர்போ போயிருக்கணுமே.”

“போயிருச்சு. குமுளி மலையில, கொண்டை ஊசி வளைவுல. உள்ள ஏழு பேரு. குப்புனு புகை, வண்டி அங்கனயே நின்னுபோச்சு. பின்னால வந்த பஸ்காரரு மட்டும் பிரேக் போடலேன்னா எல்லாரும் பள்ளத்துல.”

ஒச்சாண்டி பிளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பேண்ட்டில் துடைத்தான். “ஆயில் ஒழுங்காப் போய்ச் சேரலேன்னா டர்போ தாங்காது. பில்டர் கோளாறு.”

“அதான் அடுத்த கேள்வி.”

மூன்று ஆயில் பில்டர்கள் மேசைக்கு வந்தன. ஒரே அட்டைப் பெட்டி, ஒரே சீல், ஒரே மினுமினு ஸ்டிக்கர்.

“மூணுல ஒண்ணு டூப்ளிகேட். எதுன்னு சொல்லணும். பெட்டியத் திறந்து பாக்கலாம், பில்டரை உடைக்கக் கூடாது.”

முகர்ந்தான். நகத்தால் தட்டிக் காதில் வைத்தான். உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தான். முதலாவதை ஒதுக்கினான். இரண்டாவதையும் ஒதுக்கினான். மூன்றாவது அவன் கையில் கொஞ்சம் அதிகமாகவே தங்கியது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் பதினோரு வண்டி.

“இதுதான்!”

“எப்படிண்ணே? மேனேஜரு பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தும் ஒண்ணும் புரியல.”

“வெளிய பாத்தா புரியாது. அவ்வளவு சுத்தமான வேலை.”

குருசாமி கொட்டாவி விட்டார். “மூணுல ஒண்ணு. எங்க வீட்டு ஆட்டுக்குட்டி வாய் வச்சாலும் சரியா இருக்கும். குருட்டாம்போக்குல அடிச்சு விட்டீகளோ என்னமோ.”

ஒச்சாண்டிக்குச் சுருக்கென்றது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

“குருட்டாம்போக்கா? மேனேஜர் சார், ஒரிஜினல்ல உள்ள ஆயிலை வடிகட்டுற பேப்பர் அம்பத்தாறு மடிப்பு. இதுல முப்பத்தெட்டு. ஒண்ணு கூடவும் இருக்காது, ஒண்ணு குறையவும் இருக்காது. இந்தா இருக்கு ரம்பம், அறுங்க!”

குருசாமி அறுத்தார். தகரம் பிளந்ததும் மஞ்சள் பேப்பர் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி விரிந்து வந்தது. பாண்டீஸ்வரி விரல் வைத்துச் சத்தமாக எண்ணினாள். பாதிக்கு மேல் ஒச்சாண்டியும் சேர்ந்துகொண்டான். மூன்று தலைகளும் மேசைமேல் முட்டிக்கொண்டன.

“முப்பத்தாறு... முப்பத்தேழு... முப்பத்தெட்டு!”

ஒச்சாண்டி மேசையில் ஓங்கி அடித்தான். பிளக்குகள் துள்ளி விழுந்தன. “பாத்தியா தாயி! எந்த ஊர்க்காரனாவது இப்படிச் சொன்னானா? எடு அக்ரிமென்டை!”

பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை.

“அந்த நாலு ஊரு மெக்கானிக்கும் கையில தூக்கிப் பாத்தே இதே பில்டரைத்தான் டூப்ளிகேட்னு சரியாத் தொட்டுக் காட்டினாகண்ணே. உள்ள எத்தனை மடிப்புன்னு கேட்டதுக்கு மட்டும், அறுக்காம எப்படிம்மா தெரியும்னு என்னையத் திருப்பிக் கேட்டாக. உங்ககிட்ட நான் அதைக் கேக்கவே இல்லையே.”

ஒச்சாண்டியின் கண் அவனையும் மீறிப் பின்னறைக் கதவுக்குப் போனது. குருசாமி அதே திசையில் நடந்து போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே கூரை முட்ட அட்டைப் பெட்டிகள், ஸ்டிக்கர் சுருள்கள், பேப்பர் மடிக்கிற மெஷின். அதன் பல்லில் பாதி மடித்த மஞ்சள் பேப்பர் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் லாக்கப் கதவை ஒச்சாண்டிக்குப் பின்னால் சாத்திப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார், இன்ஸ்பெக்டர் குருசாமி.