மூன்றாவது அசை

ராயபுரம் துறைமுகத்தில் உச்சி வெயில் கருங்கல் தளத்தில் கொதிக்கிறது. ஸ்பெயின் நாட்டுக் கப்பல் இறக்கிய இயந்திரப் பெட்டியை உருளைக் கட்டைகள்மேல் வைத்து எட்டுப் பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். காலையில் கப்பல்காரன் ஒருவன் மேல்தட்டிலிருந்து கத்திய சொல்தான் இப்போது அவர்களுக்குப் பாட்டு. 'திராமோஸ்.' இழுக்கிறோம் என்று பொருள். நம் சொல்லைப் போலவே அதன் வாலிலும் 'நாம்' ஒட்டியிருக்கிறது. வடத்தின் முன்முனையில் நிற்கும் வேம்பு அதை மூன்றாக உடைத்துக் குரல் கொடுக்கிறான். 'தி'யில் கால் ஊன்றுகிறார்கள். 'ரா'வில் முதுகுகள் ஒன்றாய்ச் சாய, கட்டைகள் முனகி உருள்கின்றன. 'மோஸ்' மூச்சு வாங்குவதற்கு. கடைசியில் நிற்கும் தேசப்பனுக்கு அந்த மூச்சு போதவில்லை. இருமலில் குனிந்து முழங்காலில் கை ஊன்றுகிறான். வேம்பு திரும்பிப் பார்க்காமலே 'மோ'வை நீட்டுகிறான். வடம் தளர்ந்து கிடக்கிறது.

"இன்னாடா, ராகம் பாடிகினு கீறே?" மேஸ்திரி குடையை மடக்குகிறார். "முடியாதவன் வூட்டுக்குப் போவட்டும். வெளி கேட்டாண்ட வேலைக்கு ஆளுங்க காத்துகினு கீறாங்க."

"அவங்க பாஷையே அப்டித்தான் மேஸ்திரி. வோணும்னா அவனையே கேளு." வேம்பு கப்பலின் மேல்தட்டைக் காட்டுகிறான்.

மேஸ்திரி அண்ணாந்து, "திராமோஸ்?" என்று கையை ஆட்டுகிறார். கம்பியில் சாய்ந்திருக்கும் கப்பல்காரனுக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. தேசப்பனின் முழங்காலில் ஊன்றிய கையையே அவன் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாயிலிருந்து சுருட்டை எடுக்கிறான். "தி... ரா... மோ..." என்று வேம்புவைவிட நீளமாக இழுத்து, தேசப்பன் நிமிர்ந்து வடத்தைப் பிடிக்கும்வரை, சொல்லை முடிக்காமல் நிற்கிறான்.